இரயில் வண்டியிலிருந்து இறங்கிய அடுக்களை

அடுக்களையைப் புதுப்பித்தல் நமது குடியிருப்பில் இப்பொழுது ஒரு பெருங்காரியமாகிவிட்டது. புதிதாக வீடு வாங்கிய அன்பர்களாயினும், பழைய வீட்டைச் செப்பனிடும் அன்பர்களாயினும் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். விளம்பரப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அதில் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் இல்லை. தரை முதல் கூரை வரை பளபளக்கும் பலகைப் பெட்டிகள். நடுவில் தீவு போல ஒரு மேடை. ‘மாடுலர் கிச்சன்’ என்று பெயர். இலட்சக்கணக்கில் பணம் செலவாகும் விஷயமாதலால், இவ்வமைப்பு எங்கே, எக்காரணம் பற்றித் தோன்றிற்று என்பதை அறிந்துகொண்டு, பிறகு கொள்ளுவன கொண்டு தள்ளுவன தள்ளுதல் நலம். அவ்வரலாற்றில் இரயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. இரயில்வேயில் ஊழியம் செய்வோருக்கு அதில் தனிப் பற்று இருப்பது இயல்பே.

பழைய அடுக்களையைப் பற்றி முதலில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தரையில் அடுப்பு, தரையில் அம்மி, தரையில் ஆட்டுக்கல், தரையில் அரிவாள்மனை. குனிந்தும் குந்தியும் எழுந்தும் நம் பாட்டிமார் நாளைக் கழித்தனர். ஈர விறகை ஊதி ஊதி அவர்கள் கண் கலங்கியதை மறந்துவிட்டு ‘அந்தக் காலத்து மண் அடுப்பின் சுவை’ என்று பேசுவது எளிது. பேசுபவர் பெரும்பாலும் ஆடவர். ஆனால் அந்த அடுக்களைக்கு ஒரு பெருமை உண்டு. மூன்று பெண்கள் ஒரே சமயத்தில் அமர்ந்து, ஒருவர் அரைக்க, ஒருவர் நறுக்க, ஒருவர் கிளற, பேசிக்கொண்டே வேலை செய்ய அங்கே இடம் இருந்தது.

மேல்நாட்டிலும் மாதர்கள் இவ்வாறே அல்லலுற்றனர். அமெரிக்காவில் காதரின் பீச்சர் என்னும் அம்மையார், தம் தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவுடன் சேர்ந்து 1869-ஆம் ஆண்டில் இல்லறம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நீராவிக் கப்பலில் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் அறை எவ்வளவு சிறியது, அதில் எல்லாப் பொருளும் எவ்வாறு கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். பின்னர் 1913-இல் கிறிஸ்டீன் பிரெடெரிக் என்னும் மற்றோர் அமெரிக்க மாது, தொழிற்சாலையில் கைவேலையை அளப்பதுபோல வீட்டு வேலையையும் அளக்கலாம் என்று எழுதினார். அடுப்புக்கும் அலமாரிக்கும் இடையே நாள்தோறும் நடக்கும் வீண் நடையைக் குறைப்பதே அவர் நோக்கம்.

இவை ஏட்டளவில் நின்றிருக்கும். ஏட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த இடம் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரம். முதல் உலகப் போருக்குப் பின் அங்கே குடியிருக்க வீடின்றி மக்கள் தவித்தனர். ஏர்ன்ஸ்ட் மே என்னும் கட்டடக் கலைஞரின் தலைமையில் நகராட்சி பல்லாயிரம் எளிய வீடுகளைக் கட்டத் தொடங்கியது. அவ்வீடுகளுக்கான அடுக்களையை 1926-இல் வரைந்து கொடுத்தவர், வியன்னாவைச் சேர்ந்த மார்கரெத்தே லிஹோட்ஸ்கி; மணத்திற்குப்பின் ஷூட்டே-லிஹோட்ஸ்கி. அவர் தமக்கு முன்மாதிரியாகக் கொண்டது எது தெரியுமோ? இரயிலின் உணவு வண்டி! ஓடும் வண்டியில், ஓர் ஒடுங்கிய இடத்தில், சிலர் நின்றுகொண்டு அத்தனை பேருக்கும் உணவு ஆக்கித் தருகிறார்களே, ஒரு குடும்பத்துக்கு ஏன் அது இயலாது என்பது அவர் கேள்வி.

அவ்வடுக்களை ஏறத்தாழ 6 அடி அகலமும் 11 அடி நீளமும் உடையது. சாளரத்தின் அடியில் வேலை மேசை. வெளிச்சம் நேரே கையின்மேல் விழும். காய் நறுக்கும் பலகை கத்தி படினும் எளிதில் பழுதாகாத பீச் மரம். அரிசி, சர்க்கரை முதலியவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். நம் அஞ்சறைப் பெட்டியின் தூரத்து உறவினர் என்னலாம். மாவுக்கு மட்டும் பூச்சி அண்டாத ஓக் மரப் பெட்டி. ஈக்கள் நீல நிறத்தை வெறுக்கும் என்று அக்காலத்தில் நம்பியதால் பெட்டிகளுக்கு நீலப் பூச்சு. கூடத்துக்குச் செல்லும் வழியில் ஒரு தள்ளுகதவு. இன்னொன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி. இவ்விதமாக ஏறத்தாழ 10,000 அடுக்களைகள் பிராங்க்பர்ட்டில் அமைந்தன. அதற்கு முன் தாம் சமைத்ததே இல்லை என்று அம்மையார் பின்னாளில் கூறியது வேடிக்கை. ஆயினும் சமைப்பவரின் ஒவ்வோர் அடியையும் எண்ணிப் பார்த்தார். நாஜி ஆட்சியை எதிர்த்ததற்காகச் சிறையிருந்து, 2000-ஆம் ஆண்டில் தமது 102-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

குடிவந்த மாதர்கள் எல்லாரும் மகிழ்ந்தனரோ எனில், இல்லை. ஒருவர் நின்றால் மற்றொருவர் நுழைய இயலவில்லை. இழுப்பறைகள் குழந்தைகளின் கைக்கு எட்டின. உணவு வண்டியில் ஊழியர் சிலர் சேர்ந்து வேலை செய்வர். வீட்டிலோ ஒரே பெண் தனியே அடைபட்டாள்.

நிற்க. நம் நாட்டுக்கு வருவோம். புகையை வெளியேற்றும் அடுப்பைப் பற்றி ஹைதராபாத்தில் ஆராய்ந்த எஸ்.பி. ராஜு 1953-இல் நூல் எழுதினார். 1955-இல் கோயம்புத்தூரில் மாவரைக்கும் இயந்திரம் உருவாயிற்று. 1965-இல் இண்டேன் எரிவாயு வந்தது. எரிவாயு வந்ததும் அடுப்பு மேடையேறியது. நம் பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள். இது நிலைக்க வேண்டிய மாறுதல் என்பதில் நமக்கு ஐயமே இல்லை. ஆனால் பிராங்க்பர்ட்டிலிருந்து மேடை வந்து சேர்ந்தது. முக்காலி வழியில் தவறிவிட்டது! ஐம்பது வயதில் முழங்கால் நோவுடன் இரண்டு மணி நேரம் நின்று கீரை ஆய்வது என்ன நாகரிகம்? மேடையின் கீழே இரண்டடி அகலத்துக்குப் பெட்டி வைக்காமல் கால் நுழையும்படி விட்டு, ஒரு முக்காலி போடுவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

சுவரை இடிப்பதை மட்டும் நாம் ஒப்புவதற்கில்லை. ரொட்டி சுடும் ஊரில் அது பொருந்தலாம். மிளகாய் வற்றல் தாளிக்கும் நம் வீட்டில், கூடத்தில் இருப்போர் யாவரும் இருமுவர்; மெத்தை திரை எல்லாவற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். சமைப்பவள் தனித்துப் போகக்கூடாது என்னும் நோக்கம் மிக நல்லது. அதற்கு அந்த அம்மையாரின் தள்ளுகதவே போதும். தாளிக்கும்போது மூடலாம், மற்ற வேளையில் திறந்து வைத்துப் பேசலாம். மேலும், புதிய அடுக்களையில் கேக் சுடும் அடுப்புக்கு இடம் ஒதுக்குகிறார்கள். மாவரைக்கும் இயந்திரத்துக்கு இடமில்லை. அது பால்கனியில் வெயிலில் கிடக்கிறது. வீட்டில் கேக் சுடுவது ஆண்டுக்கு எத்தனை முறை, இட்லிக்கு அரைப்பது எத்தனை முறை என்று கேட்க ஆளில்லை.

கூரை வரை செல்லும் பெட்டிகள் தூசியின் இருப்பிடம். மரத்தூள் பலகை தண்ணீர் பட்டால் உப்பிவிடும். தொட்டியின் அடியில் அதனை வைப்பது அறிவுடைமையன்று. புகையைக் குழாய் வழியே வெளியே தள்ளும் சிம்னி மிக நன்று. கரியில் வடிகட்டி மீண்டும் அறைக்குள்ளேயே விடும் வகையில் வெப்பமும் ஆவியும் போகா. சாளரத்தை அடைத்துவிட்டு அதனை மாட்டுவது ஒரு கண்ணை விற்றுக் கண்ணாடி வாங்குவது போலாகும்.

மேடையின் உயரமோ எல்லார் வீட்டிலும் ஒரே அளவாக இருக்கிறது. சமைக்கும் அம்மையாரை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, மடக்கிய முழங்கைக்கு ஏறத்தாழ 4 அங்குலம் கீழே அளவெடுக்க வேண்டும். அடுப்பு வைக்கும் பகுதி, அடுப்பின் உயரத்துக்குத் தக்கவாறு இன்னும் தாழ்ந்திருக்கலாம். அந்த அளவைச் சுவரில் கரிக்கோடாக இட்ட பிறகே கொத்தனாரை அழைப்பது நலம்.