சென்னை மகளிர் டென்னிஸ்: இரண்டு முறை நடந்த சுற்றுப்போட்டியின் கதை

மலையகத்துக்கு டென்னிஸ் துரைமாரோடு வந்த விளையாட்டு. 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் டென்னிஸ் மைதானம் இன்றும் இருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் உள்ள எங்கள் கந்தப்பளையின் லயத்துப் பெண் பிள்ளைகளுக்கு எல்லே தெரியும், வலைப்பந்து தெரியும். டென்னிஸ் ரக்கெட்டைத் தொட்டவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இலங்கையில் டபிள்யூ.டி.ஏ. எனப்படும் மகளிர் டென்னிஸ் சங்கத்தின் பிரதான சுற்றுப்போட்டி எதுவும் நடந்ததில்லை. ஒரு தமிழ் நகரத்தில் அது முதன்முதலாக நடந்தது சென்னையில், 2022 செப்டெம்பரில்.

அதற்கு முன்னரே இந்தியா இதில் பலமுறை கைவைத்து விட்டிருந்தது. ஹைதராபாத்தில் 2003 முதல் 2005 வரை, கொல்கத்தாவில் 2005 முதல் 2007 வரை, பெங்களூரில் 2006 முதல் 2008 வரை என்று போட்டிகள் நடந்தன. கொல்கத்தாவில் மார்ட்டினா ஹிங்கிஸும் பெங்களூரில் செரீனா வில்லியம்ஸும் சம்பியனாகியிருக்கிறார்கள். எந்த நகரமும் மூன்று ஆண்டுகளைத் தாண்டவில்லை. ஆனால் அந்தக் குறுகிய காலத்தில் ஹைதராபாத் ஒன்றைச் சாதித்தது. 2005 பெப்ரவரியில், சொந்த ஊர் ரசிகர்களின் முன்னால், 18 வயது சானியா மிர்சா இறுதிப் போட்டியில் அலியோனா பொண்டரென்கோவை வீழ்த்தினார். டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். போட்டி வீட்டு வாசலுக்கு வந்ததால் கிடைத்த வெற்றி அது என்றே நான் நினைக்கிறேன்.

சென்னைக்கு ஆண்கள் போட்டி பழக்கமானது. 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கம் மைதானத்தில் ஆண்டுதோறும் நடந்து, பிறகு புனேக்குப் போய்விட்டது. மகளிர் போட்டி வந்த வழி வேறு. சீன வீராங்கனை பெங் ஷுவாய் விவகாரத்தால் 2021 டிசெம்பரில் டபிள்யூ.டி.ஏ. சீனாவில் தன் போட்டிகளை நிறுத்தியது. கொரோனாக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, ஆண்டின் பிற்பகுதி அட்டவணை வெறுமையானது. அந்த இடத்தை நிரப்பப் பல நகரங்களுக்கு ஓராண்டு உரிமம் வழங்கப்பட்டது. அவற்றில் ஒன்று சென்னை. விஜய் அமிர்தராஜ் தலைமையிலான தமிழ்நாடு டென்னிஸ் சங்கம் மாநில அரசின் ஆதரவோடு போட்டியை நடத்தியது.

நேரடியாக ஆடத் தரப்படும் ‘வைல்ட் கார்ட்’ வாய்ப்பைப் பெற்ற கர்மன் கவுர் தாண்டி, முதல் சுற்றில் பிரான்ஸின் குளோயி பக்கேயை மூன்று செட்களில் வென்றார். அடுத்த சுற்றில் யூஜீனி புஷார்டிடம் தோற்றார். அங்கிதா ரெய்னாவின் பயணம் முதல் சுற்றோடு முடிந்தது. இறுதிப் போட்டியில் 17 வயது செக் வீராங்கனை லிண்டா ஃப்ருஹ்விர்டோவா, போலந்தின் மக்டா லினெட்டை 4-6, 6-3, 6-4 என வென்றார். அவருக்கு அது முதல் பட்டம்.

அதன் பிறகு 2023இலும் 2024இலும் போட்டி இல்லை. 2023இல் டபிள்யூ.டி.ஏ. சீனாவுக்குத் திரும்பியிருந்தது. சென்னையில் அரங்கமும் ரசிகர்களும் இருந்தும், உரிமமும் அனுசரணையும் சேராமல் எதுவும் நடக்காது. ஆண்கள் போட்டி 21 ஆண்டுகள் ஓடிய மைதானத்தில் பெண்கள் மூன்றாண்டு காத்திருந்தார்கள்.

இரண்டாவது போட்டி 2025 ஒக்டோபர் 27 முதல் நவம்பர் 2 வரை, வடகீழ்ப் பருவமழை பெய்யும் நாட்களில் நடந்தது. இந்தோனேசியாவின் ஜனிஸ் ட்ஜென், ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெல்லை 6-4, 6-3 என வென்றார். 2002க்குப் பிறகு இந்தோனேசியப் பெண் ஒருவருக்குக் கிடைத்த முதல் டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் இது.

தமிழ்ப் பெண்களுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. கிராண்ட் ஸ்லாம் பிரதான சுற்றில் ஒரு போட்டியை வென்ற முதல் இந்தியப் பெண், கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன். அது 1998 ஆஸ்திரேலிய ஓபனில். அதே ஊரின் மாயா ராஜேஸ்வரன் ரேவதி 2025 பெப்ரவரியில், 15 வயதில், மும்பை டபிள்யூ.டி.ஏ. 125 போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து அரையிறுதி வரை போனார். சுவிற்சர்லாந்தின் ஜில் டெய்க்மன்தான் அவரை நிறுத்தினார். பட்டத்தையும் டெய்க்மனே வென்றார்.