முத்துக்குளித்துறையும் மூச்சுக்குழலும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பூமியில் விளைந்த பருத்தி வண்டி வண்டியாகச் சென்று கப்பலேறிய துறைமுகம் தூத்துக்குடி. 1876இல் மதுரையிலிருந்து அத்துறைமுகத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியபின் கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்குமான உறவு இன்னும் இறுகிற்று. ஆயினும், மழையை அண்ணாந்து பார்த்தே காலங்கழிக்கும் கரிசல்காட்டு மக்களுக்குக் கடலடியில் நடக்கும் தொழிலோடு என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் உண்டு, அதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

கொற்கை பாண்டியரின் துறையாக விளங்கிய நாள்முதல் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் நடந்துவந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்பகுதியைக் கண்ட மார்க்கோ போலோ, சுறாமீன்களை மந்திரத்தால் கட்டிவைப்போருக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதைக் குறித்துவைத்தார். ‘கடல்கட்டி’ என்று நம்மவர் வழங்கிய அந்த மந்திரவாதிக்கு ஆங்கிலேயர் காலத்திலும் பிழைப்பு இருந்தது. போர்ச்சுகீசியரை விரட்டி 1658இல் டச்சுக்காரர் வந்தனர். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் வந்தனர். தொலாயிரம் பார் முதலிய முத்துப்பார்களின் ஆதிபத்தியம் கைமாறியதேயன்றி, பரதவரும் முஸ்லிம்களும் மூழ்கிய விதம் மாறவில்லை. கயிற்றில் கட்டிய கனத்த கல்லின்மீது காலை ஊன்றி, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு விரைந்து இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிஷத்துக்குள் சிப்பிகளை வலைப்பையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைத்தால், தோணியில் இருப்பவர் பையை மேலே இழுத்துக்கொள்வார். அரபுக் குளியாளர் மூக்குக்கு ஒரு கிடுக்கி மாட்டிக்கொண்டனர். நம்மவரோ விரலே போதுமென்று விட்டுவிட்டனர்.

இங்கிலாந்தில் அகஸ்டஸ் சீபே 1837 வாக்கில் தலைக்கவசமும் முழு உடையும் ஒன்றாய்ச் சேர்ந்த மூழ்குடையைச் செய்து முடித்தார். மேலே பம்பைச் சுற்ற ஆட்கள், கனத்த ஈயப் பாதரட்சைகள், நீண்ட குழல் என்று அதன் பரிவாரம் பெரிது. சிப்பியில் ஒரு பங்கையே கூலியாகக் கொடுத்து நூற்றுக்கணக்கானோரை மூழ்கச் செய்ய முடிந்த இடத்தில், மனித மூச்சு அவ்வளவு மலிவாகக் கிடைக்கையில், யந்திரத்துக்குப் பணம் செலவிட எந்த அரசாங்கம்தான் முன்வரும்?

கூஸ்தோவும் கஞ்ஞானும் 1943இல் பிரான்ஸில் உருவாக்கிய, முதுகில் சுமக்கும் காற்றுக்கலம் பின்னர் தூத்துக்குடியையும் எட்டியது. ஆனால் அது பார்களைப் பரிசோதித்த விஞ்ஞானிகளின் கருவியாக நின்றுவிட்டது. முத்துக்குளித்தலோ 1961இல் நடந்ததோடு முடிந்துபோயிற்று. மிஞ்சியது சங்கு. வங்காளத்து வளையல்காரர்கள் நூற்றாண்டுகளாக விரும்பி வாங்கும் அந்தச் சங்குக்காகத் தூத்துக்குடியின் திரேஸ்புரத்துக் குளியாளர்கள், கண்ணாடி மாட்டி, காலில் அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொண்டு, பூச்சிமணல் தரைகளில் மூச்சடக்கியே தேடிவந்தனர்.

கரைக்கு அருகில் சங்கு அருகியதும், காற்றுக்கலத்தை வாங்கவும் நிரப்பவும் வசதியில்லாத இவர்கள் கண்ட உபாயம்தான் கம்ப்ரஸர். கோவில்பட்டி நெடுஞ்சாலையின் பஞ்சர் கடைகளில் லாரி டயருக்குக் காற்றடிக்கும் அதே யந்திரத்தைப் படகில் ஏற்றி, அதிலிருந்து நீளும் பிளாஸ்டிக் குழலின் முனையைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஆரம்பத்தில் நான் குறிப்பிட்ட சம்பந்தம் இதுவே. மேலே என்ஜின் நின்றால் கீழே மூச்சும் நிற்கும். என்ஜின் புகை காற்றுவாய்க்குள் புகுந்தால் அதுவும் நுரையீரலுக்கே போய்ச் சேரும்.

இவ்வுபாயத்தை ஏழைகளின் சாமர்த்தியம் என்று புகழ்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதன் பெரிய அபாயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மூச்சடக்கி மூழ்கியவர் மேற்பரப்பிலிருந்து கொண்டுபோன காற்றையே திரும்பக் கொண்டுவந்தார். பத்து மீட்டர் ஆழத்தில் இரட்டிக்கும் அழுத்தத்தால் பாதியாய்ச் சுருங்கிய அக்காற்று, மேலே வருகையில் பழைய அளவுக்கு மீண்டதேயன்றி மிகவில்லை. குழலில் சுவாசிப்பவரோ அதே ஆழத்தில் இரட்டை அழுத்தக் காற்றை நெஞ்சு நிறைய வாங்கியிருக்கிறார். பாட்டன் கற்றுத்தந்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு எழும்பினால், அது இருமடங்காய் விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். தலைமுறைகளைக் காத்த பழக்கமே இங்கே எமனாகிறது. மணிக்கணக்காய் அடியில் தங்குவதால் இரத்தத்தில் கரையும் நைட்ரஜன், விரைந்து மேலேறுகையில் குமிழ்களாகி மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்குவது வேறு.

பரிகாரம் எட்டாதது அன்று. எண்ணெய் இல்லாத கம்ப்ரஸர், புகைக்கு எட்டாத காற்றுவாய், நல்ல வடிகட்டி, என்ஜின் நின்றாலும் சில நிமிஷம் தாங்கும் சேமக்கலம், எழும்பும்போது மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாக வரும் பயிற்சி ஆகியவை போதும். படகுக்கும் வலைக்கும் மானியம் தரும் மீன்வளத் துறை இவற்றையும் அப்பட்டியலில் சேர்த்து, பயிற்சியைத் திரேஸ்புரத்திலேயே தொடங்க வேண்டும்.