ராமானுஜனின் முதல் வருஷமும் நம்ம மாட்யூல் பட்டியலும்

பட்னியில ஆஸ்பத்திரியில படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க ஹார்டி டாக்ஸியில வந்த கதையும், அந்த 1729-உம் நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். பட்னியும் நான் இருக்கிற ஸ்ட்ரெதம் மாதிரியே தெற்கு லண்டன்தான். ஆனா ஒவ்வொரு செப்டம்பரும் புதுசா வந்து இறங்கற பசங்க மாட்யூல் பட்டியலை வச்சுக்கிட்டு எதை எடுக்க, எதை விடன்னு முழிக்கும்போது எனக்கு ஞாபகம் வர்றது அந்த ராமானுஜன் இல்லை. 1904-ல கும்பகோணம் அரசுக் கல்லூரியில சேர்ந்த பதினாறு வயசு ராமானுஜன்.

அப்ப எஃப்.ஏ.ன்னு ரெண்டு வருஷப் படிப்பு. கணக்கு, ஆங்கிலம், சமஸ்கிருதம், உடலியல், கிரேக்க-ரோம வரலாறு. இதுல எல்லாத்துலயும் பாஸ் பண்ணணும். ராமானுஜன் கையிலயோ, லண்டன்ல டியூஷன் வாத்தியாரா இருந்த கார் என்பவர் பரீட்சைக்குத் தயார் பண்றவங்களுக்காகத் தொகுத்த கணக்குப் புத்தகம். ஆயிரக்கணக்கான தேற்றங்கள், நிரூபணம் பெரும்பாலும் கிடையாது. பையன் அதுக்குள்ள போனவன் திரும்பி வரவேயில்லை. ஆங்கிலத்துல தோத்தார். உதவித்தொகை போச்சு. அப்பா புடவைக்கடை குமாஸ்தா, மாசம் சுமார் இருபது ரூபாய் சம்பளம். அந்த வீட்டுல உதவித்தொகை இல்லேன்னா காலேஜே இல்லை. 1905-ல யாருக்கும் சொல்லாம விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பிப் போயிட்டார்.

1906-ல சென்னை பச்சையப்பன் கல்லூரியில ரெண்டாவது வாய்ப்பு. அங்கயும் அதே அஞ்சு பாடம், அதே கதை. கணக்குல புலி, உடலியல்ல பூனை. 1906-லயும் 1907-லயும் எஃப்.ஏ. தேறலை. 1912-ல துறைமுகத்துல முப்பது ரூபாய் குமாஸ்தா வேலை கிடைக்கிற வரைக்கும் பட்டம் இல்லாம, நிரந்தர வேலை இல்லாம அலைஞ்சார்.

"பிடிக்காத பாடத்தையும் கொஞ்சம் படிச்சிருக்கலாமே"ன்னு சொல்றது சுலபம். ஆனா அதே காலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, இதே லண்டன்ல நடந்த இன்னொரு கதையைப் பாருங்க.

1888 ஆரம்பத்துல பவநகர் சாமள்தாஸ் கல்லூரியில சேர்ந்த ஒரு பையனுக்கு வகுப்புல நடந்தது ஒண்ணும் புரியலை. முதல் டெர்ம் முடிஞ்சதும் வீட்டுக்குத் திரும்பிட்டான். அந்த வருஷமே கப்பலேறி லண்டன் வந்து இன்னர் டெம்பிள்ல சட்டம் படிக்கச் சேர்ந்தான். ஆமா, காந்திதான். பார் பரீட்சை அப்ப அவ்வளவு கஷ்டமில்லை, நேரம் மிச்சம். அதனால லண்டன் மெட்ரிகுலேஷனையும் சேர்த்து எடுத்தார். லத்தீன் கட்டாயம், அதோட ஒரு நவீன மொழி, அறிவியல் வேற. அஞ்சு மாசம்தான் இருந்தது. லத்தீன்ல ஃபெயில்.

அப்புறம் அவர் செஞ்சதுதான் விஷயம். வேதியியலை விட்டுட்டு, சுலபம்னு சொல்லப்பட்ட வெப்பமும் ஒளியும் பாடத்தை எடுத்தார். வீட்டு வாழ்க்கையைச் சுருக்கி ஒரே அறைக்கு மாறி, காலையில தானே கஞ்சியும் கோகோவும் போட்டுக்கிட்டார். இப்படி மிச்சம் பிடிச்ச நேரமும் படிப்புக்குப் போச்சு. லத்தீன் தப்பிக்க முடியாத பாடம், அதனால மத்ததைக் குறைச்சார். 1890 ஜூன்ல பாஸ்.

ஒருத்தருக்கு ஒரு பாடத்தையாவது மாத்திக்க வழி இருந்தது. இன்னொருத்தருக்கு இல்லை. ராமானுஜனோட கதையை வளைஞ்சு கொடுக்காத கல்விமுறை செய்யற சேதத்துக்கு உதாரணமா ஹார்டியே பின்னாடி எழுதினார். கேம்பிரிட்ஜ்ல டிரினிட்டி கல்லூரி 1914-ல அவரை வழக்கமான பாடத்திட்டத்துக்குள்ள உட்கார வைக்கலை. ஆய்வு மூலமாவே 1916-ல பி.ஏ. கொடுத்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ராயல் சொசைட்டி. ஆள் அதே ஆள், சுமை மட்டும்தான் வேற.

இப்ப நம்ம கணக்கைப் போடுவோம். இங்கிலாந்துல ஒரு வருஷ இளங்கலைப் படிப்பு 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரப் படிப்புன்னு கணக்கு. அப்ப ஒரு செமஸ்டருக்கு 60 கிரெடிட், 600 மணி நேரம். பரீட்சையும் சேர்த்துப் பதினஞ்சு வாரம்னு வச்சா, வாரத்துக்கு நாற்பது மணி. டைம்டேபிள்ல பத்துப் பன்னெண்டு மணி நேர வகுப்பைப் பார்த்துட்டு "ஃப்ரீயா இருக்கே"ன்னு, மாணவர் விசா அனுமதிக்கிற இருபது மணி நேர வேலையையும் முழுசா எடுத்தா மொத்தம் அறுபது. ஸ்ட்ரெதம் ஹை ரோட்டுல 159 பஸ் ட்ராஃபிக்ல நிக்கிற நேரம் தனி!

ஆனா பாருங்க, ராமானுஜனைச் சாய்ச்சது மணிக்கணக்கு இல்லை. அவர் உழைப்புக்குக் குறைவே இல்லை. கண்ணை மூடிக்கிட்டு ஒதுக்கி வச்ச ஒண்ணு ரெண்டு பாடங்கள்தான். அதனால புதுசா வர்றவங்க கேட்டா நான் சொல்றது இதுதான்: முதல் வாரத்துலயே உங்க லத்தீன் எது, உங்க உடலியல் எதுன்னு கண்டுபிடிங்க. விருப்பப் பாடம்னா, மாத்திக்க இன்னும் நாள் இருக்கான்னு அன்னைக்கே டிபார்ட்மென்ட்ல கேளுங்க. கூச்சப்படாதீங்க, காந்தியே மாத்தினார். கட்டாயப் பாடம்னா வார நேரத்துல முதல் பங்கை அதுக்குக் கொடுத்துட்டு, மிச்சத்துல மத்ததை அடுக்குங்க.

ராமானுஜனுக்குக் கடைசியில ஒரு ஹார்டி கிடைச்சார். அதே எஃப்.ஏ. பட்டியல்ல தோத்துப்போன மத்த பசங்களுக்கு யாரும் கிடைக்கலை. அவங்க பேர்கூட நமக்குத் தெரியாது.