பாட்டின் கூலி

திருகோணமலை மாவட்டத்திலே, கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூரை அடுத்து வயல்கள் சூழ அமைந்தது தோப்பூர். கிழக்கிலங்கையின் இத்தகைய ஊர்களிலே வழங்கும் நாட்டார் கவிகளை யாத்தவர் யாவர் என்று கேட்டால் எவரும் சொல்லார். பாடியவருக்கு ஊரவரின் செவியே கூலியாய் இருந்தது. பாட்டைப் பெட்டியில் அடைத்து விற்கலாம் என்று உலகம் கண்டுகொண்ட பின்னரே, அந்தப் பணம் யாருக்கு உரியது என்னும் வழக்குப் பிறந்தது.

அவ்வழக்கு ஒரு சிற்றுண்டிச்சாலையில் தொடங்கியது என்றால் வியப்பாக இருக்கும். 1847இல் பாரிஸ் நகரிலே பாடலாசிரியர் ஏர்னஸ்ட் பூர்ஷே ஒரு கடையில் அமர்ந்திருந்தார். அங்கே அவருடைய பாடலையே இசைத்துக் கொண்டிருந்தார்கள். என் பாட்டுக்கு நீர் காசு தரவில்லை, உம் பானத்துக்கு நான் ஏன் தரவேண்டும் என்று கேட்டு அவர் பணங்கொடுக்க மறுத்துவிட்டார். நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. அதன் பயனாக 1851இல் இசையாசிரியர்களுக்கென ஒரு சங்கம் பிரான்சிலே எழுந்தது.

நம் பக்கத்து நாட்டிலோ கதை வேறு. 1902ஆம் ஆண்டு நவம்பரிலே பிரெட் கைஸ்பேர்க் என்பார் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலை இசைத்தட்டில் பதிந்தார். பாட்டு முடிந்ததும் அம்மாது தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வார். தட்டை அச்சிடுவோர் பாடியவரை அடையாளங் காணுதற்கான ஏற்பாடு அது. பெயர் தட்டிலே நிலைத்தது. ஆனால் பாடுவோர்க்கு உரிமை என ஒன்று இந்தியச் சட்டத்திலே 1994 வரையில் இடம்பெறவில்லை!

இடையில் நடந்தவை பல. 1960களிலே, பாடகருக்கும் உரிமைத்தொகையில் பங்கு வேண்டும் என்றார் லதா மங்கேஷ்கர். கூலி பெற்றபின் உரிமை ஏது என்றார் முகம்மது ரஃபி. இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடவே இல்லை. 1977இல் இந்திய உச்ச நீதிமன்றம், படத்தயாரிப்பாளர் கூலி கொடுத்து ஆக்குவித்த இசையின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிடில், தயாரிப்பாளருக்கே என்று தீர்த்தது. அத்தீர்ப்பிலேயே நீதியரசர் கிருஷ்ண ஐயர் பாடகரைச் சட்டம் மறந்துவிட்டதே என்று வருந்தித் தனிக் குறிப்பொன்று எழுதினார். 2012இன் திருத்தமே, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமைத்தொகைப் பங்கை எழுதிக்கொடுத்து இழந்துவிட முடியாதவாறு காவல் செய்தது. 2017இல் இளையராஜா, எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு அனுப்பிய வக்கீல் கடிதம் தமிழர் பலருக்கு மனவருத்தந் தந்தது. ஆயினும் ஆக்கியோன், பாடுவோன் எனும் பழைய வழக்கின் மற்றோர் ஏடே அது.

இனி இக்காலத்துக்கு வருவோம். ஸ்பொட்டிஃபை என்னும் சுவீடன் நாட்டு நிறுவனம் 2008இல் சேவை தொடங்கி, 2021இல் இலங்கைக்கும் வந்தது. இசையால் வரும் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளருக்குக் கொடுப்பதாக அது கூறுகிறது. கேட்க நேர்மையாகவே தோன்றுகிறது. ஆனால் உரிமையாளர் எனப்படுபவர் பெரும்பாலும் இசைத்தட்டுக் கம்பெனியாரே. பாடகருக்கு எவ்வளவு என்பதை அவர் கம்பெனியோடு செய்த ஒப்பந்தம் தீர்மானிக்கும்.

எனக்கு அதனினும் பெரிய குறையாகத் தோன்றுவது பங்கிடும் முறை. சந்தாப் பணம் யாவும் ஒரே குவியலிற் சேர்ந்து, மொத்தக் கேள்விக் கணக்கின்படி பிரிகிறது. நூறு பேர் சமமாகச் சந்தா கட்டுவதாக வைத்துக்கொள்வோம். தோப்பூரில் ஒருவர் மாதம் நூறு தடவை நாட்டார் கவியையே கேட்கிறார். ஏனைய தொண்ணூற்றொன்பது பேரும் வேறு பாட்டுக்களை ஆளுக்கு ஆயிரம் தடவை கேட்கின்றனர். கவிபாடியவருக்குக் கிட்டுவது தோப்பூர் நேயர் செலுத்தியதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. எஞ்சியது அவர் கேட்டறியாத பாட்டுக்களுக்குப் போய்விடும். போதாதற்கு, 2024 முதல் பன்னிரண்டு மாதத்திலே ஆயிரம் தடவை கேட்கப்படாத ஒலிப்பதிவுக்கு அந்நிறுவனம் ஒன்றுமே கொடுப்பதில்லை. சிற்றூர்க் குரலுக்கு ஆயிரம் என்பது சிறிய எண்ணன்று. அவரவர் சந்தாவை அவரவர் கேட்டவருக்கே பிரிக்கும் முறையும் இல்லாமலில்லை. சவுண்ட்கிளவுட் நிறுவனம் 2021இல் அதனைக் கைக்கொண்டது. பெரிய நிறுவனங்கள் இன்னும் பின்தொடரவில்லை.

யாத்தவர் பெயரறியாக் கவியை நகரத்து இளைஞர் ஒருவர் புது வாத்தியங்களோடு ஒலிப்பதிந்து ஏற்றினால், பணம் அவ்விளைஞரின் கணக்கையே சேரும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இதனை ஓரளவு எண்ணிப் பார்த்திருக்கிறது. நாட்டார் கலை வடிவங்களை மரபுச் சூழலுக்குப் புறம்பே வணிக நோக்கில் எடுத்தாள்வோர் அனுமதி பெறவேண்டும். அதற்கான கட்டணம் பண்பாட்டு வளர்ச்சிக்குச் செல்லவேண்டும் என்கிறது அது. பண்பாட்டு வளர்ச்சி என்பது கொழும்பிலே ஒரு விழாவாகவும் முடியலாம். கவி சொல்லத் தெரிந்த தோப்பூர்ப் பாட்டி ஒருத்தியின் வாசலையும் எட்டலாம். சட்டம் அதுபற்றி ஏதும் பேசவில்லை.