ஓர் ஊரின் நேர்ச்சை

தவக்காலத்தில் பாஸ்கா மேடை கட்டும் நம் பங்கு இளைஞர்களைக் காணுந்தோறும், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து மலையூரான ஓபராமர்காவ் நம் நினைவிற்கு வருகிறது. 1633-இல் கொள்ளைநோய் அவ்வூரில் பலரை மாய்த்தது. நோய் நீங்கினால் பத்தாண்டுக்கொருமுறை ஆண்டவரின் திருப்பாடுகளை நடிப்பதாக ஊரார் நேர்ந்துகொண்டனர். 1634-இல் முதல் நாடகம் அரங்கேறியது.

இன்றும் நடிப்போர் தொழில்முறை நடிகரல்லர். மரச்சிற்பிகளும் கடைக்காரரும் மாணவருமே. அவ்வூரில் பிறந்தோ 20 ஆண்டுகள் வாழ்ந்தோ இருத்தல் வேண்டும். முந்தைய ஆண்டுச் சாம்பல் புதன் தொட்டே ஆடவர் தாடி வளர்க்கின்றனர். ஒட்டுத்தாடிக்குப் பழகிய நமக்கு இது வியப்பே!

ஆயினும் அந்நேர்ச்சையின்மேல் ஒரு கறையும் படிந்தது. பழைய வசனங்கள் யூத மக்கள் அனைவரையும் கிறிஸ்துவின் கொலையாளிகளாகக் காட்டின. 1934-இல் முந்நூறாம் ஆண்டு நாடகத்தை ஹிட்லர் கண்டுசென்றார். பின்னர் புகழவும் செய்தார். அப்பழியை யூதர் அனைவர்மேலும் சுமத்தலாகாது என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. அதன் பின்னும் ஊரார் பழைய வசனங்களை எளிதில் கைவிடவில்லை. நம்மை நாமே கேட்டுக்கொண்டால், நம் பாஸ்காவில் கயபாவிற்கு முரட்டு மீசை வரைந்தவர்கள் நாமும்தானே?

1990 முதல் நாடகத்தை இயக்கும் கிறிஸ்டியான் ஸ்டூக்ல் வசனங்களைத் திருத்தலானார். 2000-இல் இரத்தப்பழிக் கூக்குரல் நீக்கப்பட்டது. 2010-இல் யூதரின் எபிரேய செபம் மேடையில் பாடப்பட்டது. பெருந்தொற்றால் ஈராண்டு தள்ளி 2022-இல் நடந்த நாடகத்தில், யூதாசாக நடித்தவர் அவ்வூர் இஸ்லாமிய இளைஞர் ஒருவர்.