மீள்தலும் மீட்டலும்: அமெரிக்கப் பொருளாதாரமும் சிவாஜிநகரும்

பெங்களூரு சிவாஜிநகரின் ரஸ்ஸல் சந்தை 1927இல் கட்டப்பட்டது. 1933இல் இஸ்மாயில் சேட் அதனை முறையாகத் திறந்துவைத்தார். அன்று அப்பகுதி மைசூர் மன்னரின் ஆட்சிக்கு வெளியே, ஆங்கிலேயர் நேரடியாக நிர்வகித்த சிவில் மிலிட்டரி ஸ்டேஷனுக்குள் இருந்தது. அதன் நகராட்சி ஆணையர் டி.பி. ரஸ்ஸலின் பெயரே சந்தைக்கு வைக்கப்பட்டது. கட்டடம் எழுந்த ஆண்டில் நியூயார்க் பங்குச் சந்தை ஏறுமுகத்தில் இருந்தது. திறப்பு விழா நடந்த ஆண்டிலோ அமெரிக்க உழைப்பாளர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த 1933ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தைத்தான் பெருமந்தம் அடிமட்டத்தைத் தொட்டு மேலெழத் தொடங்கிய மாதமாக அமெரிக்காவின் தேசியப் பொருளாதார ஆய்வுக் கழகம் வரையறுத்துள்ளது.

‘அமெரிக்கப் பொருளாதாரம் உண்மையிலேயே மீண்டுவிட்டதா?’ என்ற கேள்வி அன்றிலிருந்து ஒவ்வொரு மந்தத்துக்குப் பின்னும் எழுந்துவருகிறது. பதில் ஒவ்வொரு முறையும் இரண்டாகப் பிரிகிறது. உற்பத்திப் புள்ளிவிவரங்களைப் பார்ப்போர் ‘ஆம்’ என்கின்றனர். வேலையையும் கடனையும் பார்ப்போர் ‘இல்லை’ என்கின்றனர். இரு தரப்பும் ஒரே சொல்லை இரு பொருளில் ஆள்வதே இந்த முரணுக்கு ஒரு காரணம். அவ்விரு பொருளையும் தமிழ் இலக்கணம் தனித்தனி வினைகளாகவே பிரித்துவைத்திருக்கிறது.

‘மீள்’ என்பது தன்வினை. நோயிலிருந்து ஒருவர் மீள்கிறார். போரிலிருந்து படைவீரர் மீண்டார். இதற்குச் செயப்படுபொருள் வேண்டியதில்லை. இதன் பிறவினை வடிவம் ‘மீட்டான்’, ‘மீட்பான்’ என அமையும். மீட்பதற்கு ஒருவர் வேண்டும். மீட்கப்பட ஒரு பொருளும் வேண்டும். அடகு வைத்த நகையை மீட்கிறோம், ஒற்றி வைத்த நிலத்தை மீட்கிறோம். ரஸ்ஸல் சந்தைக்கு எதிரே நிற்கும் தூய மரியன்னை பேராலயத்தின் தமிழ் வழிபாட்டில் ‘மீட்பர்’ என்ற சொல்லும் இந்த வினையிலிருந்தே பிறந்தது. ‘பொருளாதார மீட்சி’ என்று எழுதும்போது நாம் பெரும்பாலும் தன்வினைப் பொருளையே கொள்கிறோம்: பொருளாதாரம் தானாக எழுந்து நடக்கிறது. யார் எதை இழந்தார், அதை யார் மீட்டுத் தந்தார் என்ற கேள்விகளுக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை.

1930களின் அமெரிக்காவை இந்த வேறுபாட்டின் வழியே பார்க்கலாம். 1933 மார்ச்சுக்குப் பிறகு உற்பத்தி வேகமாக வளர்ந்தது. 1936இல் மொத்த உற்பத்தி 1929இன் அளவை எட்டிவிட்டது. தன்வினைப் பொருளில் பொருளாதாரம் மீண்டுவிட்டது. ஆனால் அந்த ஏழு ஆண்டுகளில் மக்கள்தொகையும் உழைப்புத்திறனும் கூடியிருந்தன. அதனால் பழைய அளவு உற்பத்தி, பழைய அளவு வேலையைத் தரவில்லை. மீட்சி உறுதியாகிவிட்டது என்று நம்பி அரசு செலவைக் குறைத்தது, மைய வங்கி கடன் வழங்கலை இறுக்கியது. 1937 மே மாதத்தில் அடுத்த சரிவு தொடங்கி ஓராண்டுக்கும் மேல் நீடித்தது. வேலையின்மை 5 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்க 1942 வரை, அதாவது நாடு போருக்குள் முழுமையாக இறங்கும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டுகளில் இந்தியாவில் ‘மீட்டல்’ என்ற சொல் அதன் நேர்ப்பொருளிலேயே சோதிக்கப்பட்டது. கல்கத்தா மொத்த விலைக் குறியீட்டெண் 1929இல் 141. 1933இல் அது 87. வேளாண் பொருள்களின் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. நிலவரியும் வட்டியும் அதே வேகத்தில் சரியவில்லை. ஒரு மூட்டை நெல்லை விற்றுக் கட்டிய தவணைக்கு இப்போது இரண்டு மூட்டை விற்க வேண்டும். ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் 6 பென்ஸ் என்ற உயர்ந்த விகிதத்தில் கட்டப்பட்டிருந்ததால், விலையைத் தாங்கிப் பிடிக்கும் வழியும் அடைபட்டிருந்தது.

1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் பொன் திட்டத்தைக் கைவிட்டது. ரூபாய் பவுண்டுடனேயே பிணைக்கப்பட்டிருந்ததால் இரண்டும் சேர்ந்து மதிப்பிழந்தன. இந்தியாவில் தங்கத்தின் ரூபாய் விலை உயர்ந்தது. நெல்லுக்கு விலையில்லை, தாலிக்கொடிக்கு விலையிருந்தது. குடும்பங்கள் நகைகளை அடகு வைத்தன, விற்றன. கடன்காரர்களிடமும் பொற்கொல்லர்களிடமும் சேர்ந்த நகைகள் உருக்கப்பட்டுக் கட்டிகளாகிப் பம்பாய் வழியே லண்டனுக்குக் கப்பலேறின. நெடுங்காலம் தங்கத்தை இறக்குமதி செய்த நாடு சில மாதங்களிலேயே அதை ஏற்றுமதி செய்யும் நாடானது. இந்தியாவில் பெருமந்தத்தின் வரலாற்றை எழுதிய டீட்மார் ரோத்தர்முண்ட் போன்ற ஆய்வாளர்கள் இதனை இடர்ப்பாட்டுத் தங்கம் என்றே குறிக்கின்றனர். செல்வம் பெருகியதால் விற்கப்பட்ட தங்கமன்று. வேறு வழியின்றி வெளியேறிய தங்கம் அது.

இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவை நோக்கித் தங்கம் பாய்ந்தது. 1934 ஜனவரியில் ரூஸ்வெல்ட் அரசு ஓர் அவுன்ஸின் விலையை 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தியது. அதன்பின் முதன்மையாக ஐரோப்பாவிலிருந்து வந்து குவிந்த தங்கம் பணப்புழக்கத்தை விரிவாக்கியது. 1930களின் அமெரிக்க மீட்சிக்கு அதுவே பெரிய உந்துதல் என்பது 1992இல் கிறிஸ்டினா ரோமர் முன்வைத்த வாதம். ஒரு நாட்டின் மீட்சியைத் தாங்கிய அதே உலோகம், இன்னொரு நாட்டில் மீட்கப்படாத அடகாகக் கணக்கில் நின்றது.

தமிழர் எல்லோரும் அடகு வைத்த பக்கத்தில் மட்டுமே இருந்தனர் என்று சொல்ல முடியாது. கீழ்ப் பர்மாவின் நெல் விளையும் மாவட்டங்களில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் உழவர்களுக்குக் கடன் கொடுத்திருந்தனர். அங்குள்ள 13 முதன்மை மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் 1930இல் அவர்கள் கையில் இருந்தது ஏறத்தாழ 6 விழுக்காடு. 1930களின் பிற்பகுதியில் அது 25 விழுக்காடானது. கடன் கொடுத்தவர்கள் நிலத்தைத் தேடிப் போகவில்லை. மீட்க முடியாத நிலம் அவர்களிடம் வந்து சேர்ந்தது. அதனால் விளைந்த பகைமையும், பின்னர் வந்த போரும் அவர்களையும் வெறுங்கையோடு ஊர் திரும்ப வைத்தன. மந்தக் காலத்தில் நிலத்தை நம்பாத முதலீடு ஆலைகளுக்குத் திரும்பியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பைக்காரா நீர்மின்சாரம் வந்த அந்த ஆண்டுகளில் கோயம்புத்தூரில் நூற்பாலைகள் பெருகின. புள்ளிவிவரத்தில் இது வளர்ச்சி, ஐயமில்லை. ஆனால் நகையை இழந்த குடும்பமும் ஆலையைத் திறந்த குடும்பமும் ஒன்றல்ல.

சிவாஜிநகரின் கதை இன்னொரு பாதையில் சென்றது. 1809இல் அமைந்த படைக்குடியிருப்பை ஒட்டி, வணிகம், ஒப்பந்தம், கைவினை, வீட்டுவேலை எனப் பல தொழில்களோடு தமிழர்கள் இங்கே குடியேறினர். நாராயண பிள்ளை தெரு, வீரப் பிள்ளை தெரு, தர்மராஜா கோயில் தெரு என்னும் பெயர்கள் அதன் எச்சங்கள். படைக்குச் செலவிடப்பட்ட பணமே இந்தப் பகுதியின் வருவாய் ஊற்று. ஆகவே இங்கும், அமெரிக்காவைப் போலவே, இரண்டாம் உலகப் போர்தான் செலவைக் கொண்டுவந்தது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு, பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்குத் தொழில்நுட்பத் துணை நின்றவர் அமெரிக்கரான வில்லியம் பாலி. 1943 முதல் அந்த ஆலை அமெரிக்க வான்படையின் விமானங்களைப் பழுதுபார்க்கும் தளமாக இயங்கியது. டெட்ராய்ட்டின் வேலையின்மையைத் தீர்த்த போர்ச் செலவின் ஒரு கிளை பெங்களூர் வரை நீண்டிருந்தது. இரண்டு இடங்களிலும் நிலைமை மாறியதற்கு ஒரு செய்பவர் உண்டு: கடன் வாங்கியேனும் செலவிட முன்வந்த அரசு.

அறுபது ஆண்டுகளுக்குப் பின் பெங்களூரும் அமெரிக்க மீட்சியும் ஒரு சொல்லின் வழியே மீண்டும் சந்தித்தன. அமெரிக்காவில் 2001 மார்ச்சில் தொடங்கிய மந்தம் அதே ஆண்டு நவம்பரில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் வேலைகளின் எண்ணிக்கை 2003ஆம் ஆண்டின் நடுப்பகுதிவரை குறைந்துகொண்டே போனது. ‘வேலையற்ற மீட்சி’ என்ற தொடர் அப்போது பரவலானது. அதே காலத்தில் நகரின் பெயரை வினையாக்கி, ‘பெங்களூர்டு’ என்று அமெரிக்கர்கள் பேசத் தொடங்கினர். தன் வேலை வெளிநாட்டுக்கு மாற்றப்பட்டதால் வேலையிழந்தவர் என்பது பொருள். இலக்கண நோக்கில் இது செயப்பாட்டு வினை. வேலையை மாற்றிய நிறுவனம் எழுவாயாக வருவதில்லை. பழியை ஊர்ப்பெயர் சுமக்கிறது. தானாக மீளும் பொருளாதாரம், தானாகப் பறிபோகும் வேலை என்னும் இரண்டு கூற்றுகளிலும் செய்தவர் காணாமற்போகிறார்.

2008இன் மந்தம் இந்த இடைவெளியை இன்னும் தெளிவாகக் காட்டியது. 2007 டிசம்பரில் தொடங்கிய அது 2009 ஜூனில் முடிந்தது என்று ஆய்வுக் கழகம் 2010 செப்டம்பரில் அறிவித்தது. மந்தம் முடிந்தது என்பதற்கு நிலைமை நன்றாகிவிட்டது என்றோ பொருளாதாரம் வழக்கமான நிலைக்குத் திரும்பிவிட்டது என்றோ பொருளில்லை என அந்த அறிவிப்பே விளக்கியிருந்தது. வேலையின்மை 10 விழுக்காட்டைத் தொட்டது மந்தம் ‘முடிந்த’ பிறகு, 2009 அக்டோபரில்தான். இழந்த ஏறத்தாழ 87 லட்சம் வேலைகளின் எண்ணிக்கை ஈடுசெய்யப்பட 2014 மே வரை ஆனது. 2009 முதல் 2012 வரை கூடிய வருமானத்தில் 95 விழுக்காடு மேல்தட்டு 1 விழுக்காட்டினரைச் சேர்ந்தது என்று இம்மானுவேல் சயஸ் கணக்கிட்டார். வங்கிகளின் இழப்பை அரசு மீட்டது. கடன் கட்ட முடியாமல் பறிபோன வீடுகளுள் பெரும்பாலானவை மீட்கப்படவில்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும் கூட. உற்பத்தி மீளாமல் எவரும் எதையும் மீட்க முடியாது. 2009இல் தொடங்கிய வளர்ச்சி பத்தாண்டுகளுக்கும் மேல் நீடித்ததால்தான் 2019இல் வேலையின்மை 3.5 விழுக்காடாக இறங்கியது. குறைந்த கூலி பெறுவோரின் ஊதியமும் உயர்ந்தது. தன்வினை நெடுநாள் நீடித்தால் பிறவினைக்கு வழிவிடும் என்று இதைச் சொல்லலாம். ஆனால் 2020இன் அனுபவம் வேறொன்றைக் காட்டுகிறது. அந்த மந்தம் இரண்டே மாதங்கள் நீடித்தது. அரசு நேரடியாகக் குடும்பங்களின் கையில் பணம் கொடுத்தது. இழந்த வேலைகளின் எண்ணிக்கை 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே ஈடானது. முன்பு ஆறாண்டுக்கும் மேல் எடுத்தது இம்முறை இரண்டாண்டுக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்தது. 2022 ஜூனில் 9.1 விழுக்காட்டைத் தொட்ட விலையேற்றம் அதற்குரிய விலையின் ஒரு பகுதி. ஆயினும் செய்பவர் இருந்தால் மீட்சியின் காலம் சுருங்கும் என்பது தெளிவாயிற்று.

இந்தியாவில் அதே 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வேளாண்மை சாராத நகைக்கடனுக்கான வரம்பை நகை மதிப்பின் 75 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காடாக உயர்த்தி, 2021 மார்ச் வரை வங்கிகளுக்கு அனுமதி தந்தது. 1931இன் வழியே மறுபடியும் திறந்தது. இம்முறை தங்கம் கப்பலேறவில்லை, நிதி நிறுவனங்களின் பெட்டகங்களுக்குச் சென்றது. உற்பத்தி எந்தக் காலாண்டில் பழைய அளவைத் தொட்டது என்பதைப் பொருளாதார நூல்கள் பதிவு செய்யும். எத்தனை நகைகள் உரிய நாளில் மீட்கப்பட்டன, எத்தனை ஏலத்துக்குப் போயின என்பது அந்த நூல்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. சிவாஜிநகரின் ஜுவல்லர்ஸ் தெருவிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் அடகுக் கடைப் பேரேடு ஒவ்வொன்றிலும் அது எழுதப்பட்டிருக்கிறது: வைத்தவர் பெயர், எடை, தொகை, நாள், கடைசிக் கட்டத்தில், நகை திரும்பிய தேதி. அந்தக் கடைசிக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்த பிறகே, அமெரிக்காவாயினும் இந்தியாவாயினும், ஒரு நாடு மீண்டுவிட்டதா என்ற கேள்விக்கு முழுமையான பதில் சொல்ல இயலும்.