சுவத்து அலமாரிக்குள்ள ஏன் பூசணம் பூக்குது? - ஒரு புதுக்கோட்டை வரலாறு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த விஷயம் இது. தலைப்பைப் பார்த்துட்டு "இதுக்கெல்லாமாய்யா வரலாறு?"ன்னு சிரிக்காதீங்க. இருக்கு :-)

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, எங்க மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது ஞாபகம் இருக்கும். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னந்தோப்பு எல்லாம் வரிசையா சாய்ஞ்சு கிடந்துச்சு. பல கிராமங்கள்ல வாரக்கணக்குல கரண்ட் இல்ல. டவுனுக்குள்ள இருக்குற எங்க வீட்டுல தண்ணித் தொட்டி மூடி பறந்ததைத் தவிர பெருசா சேதம் இல்ல. தப்பிச்சோம்னு இருந்தோம்.

தை மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போறதுக்காக அம்மா சுவத்து அலமாரியைத் திறந்தாங்க. மேல் தட்டுல அவங்க கூறைப்புடவை. அரக்குக் கலர் பட்டு, 1976-ல கட்டுனது. மடிப்பு முழுக்க சாம்பல் தூவுன மாதிரி பூசணம். விரிச்சதும் மடிச்ச கோட்டுலயே விட்டுப் போச்சு. சுத்திலும் பாச்சை உருண்டை மட்டும் புதுசு மாதிரி வெள்ளையா உருண்டுச்சு. அம்மா அழலாம் இல்ல. "அப்பத்தா பெட்டகத்துலயே கிடந்திருக்கலாம்டா"ன்னு மட்டும் சொல்லிட்டு, வேற புடவையை எடுத்துக் கட்டிக்கிட்டாங்க.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை இழுத்துக்கிட்டுப் போச்சு. அப்பத்தா வீடு திருமயம் பக்கம். அதே ஐப்பசி, அதே கார்த்திகை மழைதான். அங்க அம்பது வருஷம் கெடாத துணி, நம்ம கான்கிரீட் வீட்டுல ஏன் கெட்டுச்சு?

பெட்டகமும் வளவும்

எங்க மாவட்டத்துல பழைய வீடுன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது செட்டிநாட்டு வீடுகள். செட்டிநாடுன்னா காரைக்குடி மட்டும்னு பல பேர் நினைக்கிறாங்க. ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம்தான். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி, 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்து தொழில் சிதறும் வரைக்கும், நகரத்தார் பர்மாவில் சம்பாதித்த பணமும் பர்மாத் தேக்கும் இந்த ஊர்களுக்கு வந்து வீடுகளாக நின்றன.

கடியாபட்டியில ஒரு நண்பரோட பூர்வீக வீட்டை நிதானமா சுத்திப் பார்த்தேன். நடுவுல வானம் பார்த்த வளவு. அதைச் சுத்தி தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். அறைக்குள்ள சுவத்துல குடைஞ்ச அலமாரி அங்கயும் இருக்கு! ஆக, சுவத்து அலமாரி நம்ம காலத்துக் கண்டுபிடிப்பு இல்ல. ஆனா சுவர் என்னமோ ரெண்டு அடி கனம். குடைஞ்சது போகவும் பின்னால கணிசமா மிச்சம் இருக்கு. பெட்டகமோ கால் வச்சு தரையை விட்டுத் தூக்கி நிக்குது, சுவரையும் தொடல.

அந்தச் சுவரின் பூச்சு சுண்ணாம்பு. கடுக்காய் ஊறவைத்த தண்ணீர், கருப்பட்டி, கடைசி மெருகுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று பல அடுக்காகப் பூசித் தேய்த்த பூச்சு. பளபளப்பைப் பார்த்து எல்லாரும் வியக்கிறோம். அதை விட முக்கியமானது, சுண்ணாம்பு ஈரத்தை வாங்கிக்கொண்டு, காற்று காய்ந்ததும் திருப்பி விட்டுவிடும். வளவு வழியாகச் சூடான காற்று மேலே போக, அறைக்காற்றும் கூடவே நகரும். மழைக்காலத்தில் சுவர் குடிச்ச தண்ணி தை, மாசியில தானா வெளியேறிடும்.

போகியும் வெள்ளையடிப்பும்

இங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. எங்க பக்கம் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும். அது முடிஞ்சதும் வர்றது போகி. பொங்கலுக்கு முன்னாடி வீட்டுல இருக்குற அத்தனை சாமானும் வாசலுக்கு வரும். பெட்டகத்தைத் திறந்து துணியை எல்லாம் நிழல்லயும் இளவெயில்லயும் உதறிப் போடுவாங்க. காலியான அலமாரி, பொறை எல்லாத்துக்கும் உள்பக்கம் சேர்த்து சுண்ணாம்பு அடிப்பாங்க.

சுண்ணாம்புக்குக் காரத்தன்மை ரொம்ப அதிகம். புதுசா அடிச்ச சுண்ணாம்பு மேல பூசணம் வளராது. காலம் போகப் போக அது காற்றுல இருக்குற கரியமில வாயுவோட சேர்ந்து கல்லா மாறி, வேகம் குறைஞ்சுடும். அதனாலதான் வருஷா வருஷம் மறுபடி அடிக்க வேண்டியிருக்கு. அழகுக்குன்னு நாம நினைச்சது, மழை முடிஞ்ச கையோட நடந்த பூசண ஒழிப்பும்தான். பட்டுப்புடவையை மல் துணியில சுத்தி வைக்கிறது, மூணு மாசத்துக்கு ஒருக்கா மடிப்பை மாத்தி மடிக்கிறது எல்லாம் இதே கணக்குல சேர்ந்ததுதான். அம்மா புடவை மடிப்புக் கோட்டுல விட்டதுக்கு எத்தனையோ வருஷமா மடிப்பு மாத்தாததும் ஒரு காரணம்.

சிமெண்ட் வந்த கதை

இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824-ல். நம்ம பக்கத்தில் டால்மியாபுரம் ஆலை 1939-ல் வந்தது. நெல்லைச் சீமையில் தாழையூத்து ஆலை 1949-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலை வந்தாலும் சாதாரண ஜனங்களுக்கு சிமெண்ட் சுலபமாகக் கிடைக்கவில்லை. பர்மிட் வாங்க அலைந்த கதையை உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. 1982-ல் கட்டுப்பாடு பாதி தளர்ந்து, 1989-ல் முழுசாகப் போனது.

எங்க அப்பா வீடு கட்டுனது 1984-ல. ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு. இடம் மிச்சம்னு படுக்கையறையோட வடகிழக்கு வெளிச்சுவத்துலயே அலமாரி. கடப்பாக்கல் தட்டு. பின்னாடி நானே புண்ணியம் கட்டிக்கிட்டு உள்ள ஆயில் பெயிண்ட் அடிச்சு, மைக்கா ஒட்டுன பிளைவுட் கதவை இடைவெளியே இல்லாம மாட்டுனேன். தூசி போகாதுன்னு பெருமை வேற!

புயலுக்குப் பிறகு வந்த கொத்தனார் அண்ணன் சுவத்தைத் தட்டிப் பார்த்துட்டு விஷயத்தை உடைச்சாரு. "தம்பி, ஒன்பது இஞ்ச் சுவத்துல அலமாரி குடைஞ்சா பின்னாடி நாலரை இஞ்ச்தான் நிக்கும். வாடைக்காத்தோட சாரல் நேரா அடிக்கிற பக்கம் இது. வெளிய பாருங்க, மயிரிழை வெடிப்பு."

அப்போதான் புரிஞ்சுது. வெடிப்பு வழியா தண்ணி உள்ள வருது. ஆயில் பெயிண்ட்டும் மைக்காவும் ஈரத்தை வெளிய விடல. நடுவுல பருத்தியும் பட்டும் அந்த ஈரத்தைக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. காற்றின் ஈரப்பதம் 65-70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்னா பூசணம் வளர ஆரம்பிச்சுடும்.

பாச்சை உருண்டை என்ன பண்ணுச்சு? ஒண்ணும் பண்ணல. நாப்தலீன் பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தை உறிஞ்சாது. வாடையை வாடையால மூடும், அவ்வளவுதான். கைக்குழந்தை இருக்குற வீட்டுல ஜாக்கிரதை. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவா இருக்கும். அவங்களுக்கு நாப்தலீன் பட்டா ரத்த சிவப்பணு உடையும். உருண்டையோட வச்ச துணியை நல்லா துவைச்சு காய வைக்காம போட்டு விடாதீங்க.

நாங்க செஞ்சது

மொதல்ல வெளிச்சுவர் வெடிப்பை அடைச்சோம். அதைச் செய்யாம உள்ள என்ன பண்ணுனாலும் வீண். உள்ள ஆயில் பெயிண்ட்டைச் சுரண்டி, பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்புப் பூச்சு பூசி, காய்ஞ்சதும் சுண்ணாம்பு அடிச்சோம். பின் சுவத்துலேர்ந்து ரெண்டு இஞ்ச் தள்ளி மரச்சட்டம் வச்சு, அதுக்கு முன்னாடிதான் துணி. கதவுல மேலயும் கீழயும் துளை போட்டு வலை அடிச்சாச்சு. அஞ்சுல ஒரு பங்கு இடம் காலி. இஸ்திரி போட்ட சூட்டோட, அரை ஈரத்தோட எதுவும் உள்ள போகக் கூடாதுன்னு தங்கமணி சட்டம். கடையில விக்கிற ஈரம் உறிஞ்சும் டப்பா அடைமழைக்கு உதவுது, ஆனா தண்ணி நிறைஞ்சதும் கொட்டி மாத்தணும்.

அதோட, போகியன்னைக்கு அலமாரி முழுசா காலி. இப்ப ஒவ்வொரு வருஷமும் அம்மாவே முன்னாடி நின்னு மேற்பார்வை பாக்குறாங்க. சுண்ணாம்பும் அன்னைக்கே.

கூறைப்புடவை திரும்பி வரல. முந்தானையில நல்லா இருந்த துண்டை மட்டும் வெட்டி மல் துணியில சுத்தி வச்சிருக்கோம். அப்பத்தா பெட்டகம் இப்ப எங்க வீட்டு ஹால்ல, சுவத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி நிக்குது. துண்டு அதுக்குள்ளதான் இருக்கு.

டிஸ்கி: உங்க ஊர்ப் பக்கம் பெரியவங்க மழைக்காலத்துல துணியை எப்படிக் காப்பாத்துனாங்கன்னு கேட்டு எழுதுங்க. எங்க அப்பத்தா இருந்தப்ப நான் கேக்கல.